ஆள் வைத்துக் கட்டாத இடம் சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் மேலூரிலிருந்து வந்து, இரண்டு மாதங்களுக்கு என்னோடு ஈசூனில் தங்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு 69 வயது. நாற்பது ஆண்டுகள் கல்குவாரியில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு பாறையைத் தட்டிப் பார்த்தே எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். வந்த முதல் வாரத்திலேயே மெர்லயன், கரையோரப் பூந்தோட்டங்கள், தேக்கா எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர், வீடு திரும்பும் ரயிலில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: “இதெல்லாம் ஆள் வைத்துக் கட்டியது. ஆண்டவன் வைத்தது என்று ஏதாவது இந்த ஊரில் இருக்கிறதா?”

பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. புக்கிட் தீமா என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். எண்ணைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

அப்பாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார். படிகள் அதிகமாக இருந்தால், குறிப்பாக இறங்கும்போது, சிரமப்படுவார். அம்மா எங்கே போனாலும் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொள்வார். எனக்குச் சனிக்கிழமை மட்டுமே விடுமுறை, கார் இல்லை. மலையோ பாறையோ காடோ, இயற்கையாக அமைந்த இடம் எதுவானாலும் சரி. நேரில் போய் வந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பழைய ரயில்பாதை

வணக்கம். உங்கள் தந்தையார் சிரித்ததில் தவறே இல்லை. புக்கிட் தீமாவின் உயரம் 163.63 மீட்டர், ஆனைமலையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது மேடு. ஆனால், அவர் தொழிலை நீங்கள் குறிப்பிட்டதால் சொல்கிறேன்: அந்த மேடு முழுவதும் கருங்கல். தீவின் நடுப்பகுதியும் வடபகுதியும், கடலுக்கு அப்பால் இருக்கும் உபின் தீவும் இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரே கருங்கல் திரளின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேலூர்ப் பக்கத்துப் பாறை இதைவிட மிகவும் மூத்தது என்பதை அவரிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

அப்படியானால் பாறை ஏன் கண்ணில் படவில்லை என்று அவர் கேட்கக்கூடும். மதுரைப் பக்கம் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான மழை இங்கே ஆண்டு முழுவதும் பெய்கிறது. அந்த ஈரமும் வெப்பமும் சேர்ந்து கல்லை உள்வரை உளுத்துப்போகச் செய்து, செங்களிமண்ணாக மாற்றிவிட்டன. அந்த மண்ணின் மேல் காடு வளர்ந்து மூடிக்கொண்டது. உங்கள் ஊரில் மலை சட்டை போடாமல் நிற்கிறது. இங்கே அது கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறது. ஆகவே, கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் மனிதன் அதை வெட்டித் திறந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நான் பரிந்துரைப்பது உச்சியை அல்ல. உச்சிக்குத் தார்ச்சாலையே போகிறது என்றாலும், அது செங்குத்தான ஏற்றம். ஏறிய பிறகு உயரத்தைப் பொறித்த ஒரு பாறையும் தொலைத்தொடர்புக் கோபுரமும்தான் இருக்கின்றன, மரங்கள் மறைப்பதால் பெரிய காட்சியும் கிடையாது. இறக்கம் முழங்காலை வாட்டிவிடும். அதற்குப் பதிலாக, அடிவாரத்திலுள்ள ஹிந்தீட் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். சிறிது தூரத்திலேயே பழைய கல்குவாரி ஒன்று வரும். செங்குத்தான பாறைச் சுவரும், அதன் காலடியில் பச்சையாகத் தேங்கி நிற்கும் நீரும் உங்கள் தந்தையாருக்கு எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். இன்னும் நடக்கத் தெம்பு இருந்தால், மலையின் மறுபக்கத்தில், ஹில்வியூ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் சிங்கப்பூர் குவாரி இருக்கிறது. அங்கே குளத்தின் மேல் பார்வை மேடை அமைத்திருக்கிறார்கள். நீர்க்கோழிகளும் மீன்கொத்திகளும் வரும் சதுப்பு நிலமாகவே அது மாறிவிட்டது.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காக இந்தத் தீவின் காடு பெரும்பாலும் அழிக்கப்பட்டது. தோல் பதனிட உதவும் காம்பியர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு வேண்டும்; தோட்டத்தைச் சுற்றியிருந்த மரங்கள் அடுப்புக்குப் போயின. புக்கிட் தீமா 1883இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதால் பிழைத்தது. சுமார் 160 ஹெக்டேர்தான், ஆனால் உள்ளே நிற்கும் செராயா மரங்களை அண்ணாந்து பார்க்கும்போது அளவு மறந்துபோகிறது. வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1854இல் இங்கே தங்கி நூற்றுக்கணக்கான வண்டு வகைகளைச் சேகரித்தார்.

திரும்பும் வழியில், அதே அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கும் ஸ்ரீ முருகன் மலைக் கோயிலையும் அம்மாவுக்குக் காட்டிவிடலாம். கோயில் நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: மாலைநடை

தென் மலைத்தொடரை யாரும் சொல்லவில்லையே? ஃபேபர் மலையில் தொடங்கி ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வழியாகப் போகலாம். அந்தப் பாலம் சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரத்தில், 274 மீட்டர் நீளத்துக்கு அலைபோல வளைந்து செல்கிறது. மாலை நேரத்தில் மிகவும் அழகாக இருக்கும்.

மறுமொழி 3: கரையோரம்

மாலைநடை அவர்களே, அழகில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், பெரியவர் கேட்டது ஆள் வைத்துக் கட்டாத இடத்தை. 2008இல் எஃகிலும் மரப்பலகையிலும் கட்டிய பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், ரயிலில் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்பார்.

அதே தெற்குப் பக்கத்தில் லாப்ரடோர் இருக்கிறது. கடலோரப் பாறைச் சரிவு இயற்கையாகவே எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. 2002இல் இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. இங்கே இருப்பது கருங்கல் அல்ல, அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. மேஸ்திரிக்கு வேறுபாடு தெரியும். பாதை பெரும்பாலும் சமதளம், அருகிலேயே ரயில் நிலையம்.

ஒரு வருத்தமான செய்தியும் அங்கே உண்டு. பழங்காலச் சீன மாலுமிகள் கடல்நாகத்தின் பல் என்று பெயரிட்டு, வழியடையாளமாகக் கொண்டிருந்த உயரமான பாறை ஒன்று அந்தத் துறைமுக வாயிலில் நின்றது. கப்பல்கள் வருவதற்கு வாயிலை அகலமாக்க வேண்டும் என்று 1848இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இன்று கரையில் நிற்பது பிற்காலத்தில் வைத்த மாதிரி. அதைப் பார்த்து இதுதான் அது என்று சொல்லிவிடாதீர்கள். கல்லைத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கக் காட்டிலுள்ள மரமுகட்டு நடைபாலத்தையும் யாராவது சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். முழங்கால் வலி உள்ளவரை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம். வீனஸ் டிரைவ் பக்கமிருந்து போனாலும் இரண்டரை கிலோமீட்டர் நடந்த பிறகுதான் பாலம் வரும். அது ஒருவழிப்பாதை என்பதால் திரும்பி வர முடியாது, பாலத்தைக் கடந்தபின் படிகள் ஏராளம். என் மாமனாரை அழைத்துப் போய், அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக உட்கார வைத்து அழைத்து வந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீர்த்தேக்கக் கரையோரத்தில் நீரை ஒட்டியே போகும் பலகைப் பாதை போதும். 1868இல் நகரத்தின் குடிநீருக்காகத் தேக்கப்பட்ட நீர் அது. அந்த நீர் கெடக்கூடாது என்பதற்காகத்தான் சுற்றியுள்ள காட்டை வெட்டாமல் விட்டார்கள்.

மறுமொழி 4: கன்பரா அக்கா

ஈசூனில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, தம்பி! உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, காம்பஸ் அவென்யூவில் செம்பவாங் வெந்நீர் ஊற்று இருக்கிறது. சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் மக்கள் போய்ப் பார்க்கக்கூடிய இயற்கை வெந்நீர் ஊற்று அது ஒன்றுதான். முழங்காலுக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. என் அம்மாவை மாதம் இருமுறை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். பாதையில் எங்கேயும் தூக்க வேண்டியிருந்ததில்லை.

மேலே ஒருவர் சொன்ன அதே கருங்கல்தான் இதற்கும் காரணம். மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. வெளிவரும் இடத்தில் ஏறத்தாழ 70 டிகிரி வெப்பம் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்னாசித் தோட்டத்தில் இருந்த ஊற்று இது. பிறகு ஒரு குளிர்பான நிறுவனம் புட்டியில் அடைத்து விற்றது, போர்க்காலத்தில் ஜப்பானியர் குளியல் தொட்டிகள் கட்டினார்கள். பல ஆண்டுகள் நான்கு குழாய்களோடும் சிமெண்டுத் தரையோடும் கிடந்த இடத்தைத் தேசியப் பூங்காக் கழகம் எடுத்துச் செப்பனிட்டு, 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தது. எனக்கு அந்தப் பழைய வாளிக் காலமும் பிடிக்கும். பூங்காவான பிறகு கூட்டம் கூடிவிட்டது.

நீர் அடுக்கடுக்கான தொட்டிகளில் வழிந்து ஆறியபடி கீழே இறங்கும். கடைசித் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். முட்டை வேகவைப்பதற்குத் தனி இடம் இருக்கிறது. வீட்டிலிருந்து மூடியுள்ள தூக்குச்சட்டி ஒன்று கொண்டுபோங்கள். அங்கே வேகும் முட்டை, அடுப்பில் வேகும் முட்டையைப் போல இருக்காது. 70 டிகிரியில் மஞ்சள் கரு இறுகிவிடும், வெள்ளைக்கரு மட்டும் தயிரைப் போலக் குழைந்தே நிற்கும். கொஞ்சம் சோயாவும் மிளகுத்தூளும் கையோடு இருக்கட்டும். காலை 8 மணிக்கு முன்பே போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாது என்பதால், அப்பாவுக்கு அது இருந்தால் முதலில் நீங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

மறுமொழி 5: படகுத்துறை

கல்குவாரி மேஸ்திரியை உபினுக்கு அழைத்துச் செல்லாமல் ஊருக்கு அனுப்பினால் அது பெரிய குறை. அந்தத் தீவே ஒரு கல்குவாரி. பெட்ரா பிராங்கா என்ற சிறு பாறைத்தீவில் 1851இல் எழுப்பிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் அங்கிருந்துதான் போனது. 1920களில் ஜொகூர்ப் பாலத்துக்கும் உபின் கல் போயிருக்கிறது. இன்று குவாரிகள் மூடிக் கிடக்கின்றன. குழிகளில் மழைநீர் நிறைந்து, சுற்றிலும் மரம் முளைத்து, பாறை விளிம்புகளில் நாரைகள் கூடு கட்டுகின்றன.

சாங்கி முனைப் படகுத்துறையில் பம்போட் என்ற சிறு மோட்டார் படகில் ஏற வேண்டும். நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புறப்படும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. சில வெள்ளிதான் கட்டணம் என்றாலும், சில்லறையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கியதும் வாடகை வேன் கிடைக்கும். அப்பாவை நடக்க வைக்காமல் செக் ஜாவாவுக்கு வேனிலேயே அழைத்துப் போங்கள்.

செக் ஜாவாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல்வெளி, பவளச் சிதைவுத் திட்டு, சதுப்புநிலக்காடு, கடலோரக் காடு ஆகிய ஆறும் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இடம் அது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் அதுவும் போயிருக்க வேண்டியது; பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் எடுத்துச் சொன்னதால், 2001 டிசம்பரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. வேலை தொடங்கும் முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அந்த ஆண்டு ஆயிரக்கணக்கானோர் போனார்கள், நானும் போனேன். முழங்கால் அளவு நீரில் நின்றபடி ஒரு நட்சத்திர மீனைப் பார்த்தேன். என் உள்ளங்கையை விடப் பெரியது, செங்கல் நிறம், முதுகு முழுவதும் கறுப்புக் குமிழ்கள். இது அடுத்த ஆண்டு மண்ணுக்கு அடியில் போய்விடும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். போகவில்லை.

நீர் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். வற்று 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளில்தான் கடலடி வெளியே தெரியும். மற்ற நாள்களில் பலகைப் பாதையிலிருந்து வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.

அம்மாவின் புளியோதரைக்கு ஓர் எச்சரிக்கை. உபினில் காட்டுப்பன்றியும் புக்கிட் தீமாவில் குரங்கும் உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. குரங்குகளுக்குச் சோறு தெரியாது, பிளாஸ்டிக் பை தெரியும். கையில் பை தொங்கினால் பறித்துக்கொள்ளும். முதுகுப்பைக்குள் இருந்தால் கண்டுகொள்ளாது. இரக்கப்பட்டு ஒரு பிடி வைத்துவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டிலிருந்து காட்டு விலங்குக்கு உணவளித்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வானிலையையும் பாருங்கள். சுமத்ரா சூறைக்காற்று விடியற்காலையில்கூட வரும். இடி கேட்டால் படகும் வேண்டாம், மரத்தடியும் வேண்டாம்.

ஈசூன்வாசியின் பதில்

அனைவருக்கும் நன்றி. இரண்டு சனிக்கிழமைகள் கழித்து எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை அக்கா சொன்னபடி வெந்நீர் ஊற்று. ஏழரை மணிக்கே போய்விட்டோம். தூக்குச்சட்டியில் ஆறு முட்டை எடுத்துப் போனோம். சனிக்கிழமை என்பதால் அம்மா கவிச்சி தொடவில்லை. ஆனால் வேக வைப்பதை மட்டும் வேறு யாரிடமும் விடவில்லை. வெள்ளைக்கரு இறுகவே இல்லை என்று மூன்று முறை திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த சீனப் பாட்டியிடம் சைகையிலேயே முறையிட்டார். அந்தப் பாட்டி தன் முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். அப்பா கீழ்த்தொட்டியில் காலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசவே இல்லை. பிறகு, “கீழே பாறை வெடித்திருக்கிறது. வெடிக்காத பாறையில் தண்ணீர் ஏறாது” என்றார். நான் உங்கள் மறுமொழிகளை அவரிடம் அதுவரை படித்துக் காட்டியிருக்கவில்லை.

நேற்று ஹிந்தீட் குவாரிக்குப் போனோம். நடை முழங்காலுக்கு ஒத்துக்கொண்டது. வேலி ஓரத்தில் நின்று எதிர்ச்சுவரை வெகுநேரம் பார்த்தார். விரலால் காற்றில் கோடு போட்டு, மேலிருந்து மட்டம் மட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்றும், கடைசியில் ஊற்றுக்கண் திறந்ததும் பம்பு வைத்துக்கூட இறைத்திருப்பார்கள் என்றும், நிறுத்திய அன்று பம்பையும் நிறுத்தியிருப்பார்கள், அதனால்தான் இந்தக் குளம் என்றும் எனக்கு விளக்கினார். சுவரின் நடுவில் ஒரு வெடிப்பிலிருந்து அத்திமரம் போன்ற ஒன்று வேர்களைக் கயிறுகளாகத் தொங்கவிட்டு நின்றது. நாங்கள் ஆப்பு அடித்துப் பிளப்பதை இது சும்மா நின்றுகொண்டே செய்கிறது என்றார். அம்மா கோயிலுக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

குரங்கு ஒன்று எங்களை வழிமறித்தது உண்மை. புளியோதரை முதுகுப்பையில் பத்திரமாக இருந்தது. அம்மாவின் பூக்கடைப் பைதான் போனது. கோயிலுக்கு வாங்கியிருந்த மல்லிகைச் சரத்தை முகர்ந்துவிட்டுக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது.

அடுத்தது உபின். படகுத்துறை அவர்களிடம் ஒரு கேள்வி: இந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் பகல் வேளையில் வற்று 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாள் எதுவும் அட்டவணையில் தென்படவில்லை. அப்பாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஒரு வார நாளில் விடுப்பு எடுத்து செக் ஜாவாவைப் பார்ப்பது நல்லதா, அல்லது அதை விட்டுவிட்டு சனிக்கிழமையிலேயே குவாரிகளை மட்டும் பார்த்துத் திரும்பலாமா?

மறுமொழி 6: படகுத்துறை

விடுப்பு எடுங்கள். குவாரிகள் எந்த நாளும் அங்கேயே இருக்கும். வார நாளில் பன்னிரண்டு பேர் சேரத் தாமதமாகும் என்பதால், வற்று நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். எதிரே இருக்கும் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் பசியாறிவிட்டு ஏறலாம்.